விடுதலையானவர்களுக்குக் கொலை நோக்கம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய குற்ற வழக்குகளைத் தமிழில் தொடர்களாக எடுக்கும் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், திரைக்கதையாசிரியர்கள், அவற்றை வெளியிடும் ஓடிடி நிறுவனத்தார் அனைவருக்கும்,

1944இல் சென்னையில் நடந்த லட்சுமிகாந்தன் கொலையை மையமாகக் கொண்ட தொடர் ஒன்றின் திரைக்கதை, காலப்பிழைகளைத் திருத்தித் தரும்படி அண்மையில் என்னிடம் வந்தது. நான் சென்னையில் நெடுங்காலமாகக் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டென்பதால் நண்பர் ஒருவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். படித்தேன், குறிப்புகள் எழுதி அனுப்பினேன். திருத்திய படி திரும்பி வந்தபோது, சைக்கிள் ரிக்‌ஷா இருந்த இடத்தில் கைரிக்‌ஷா வந்திருந்தது. காவல் அதிகாரி ஒருவர் 'தமிழ்நாடு போலீஸ்' என்று பெருமையடிக்கும் வசனம் 'மெட்ராஸ் போலீஸ்' என்று மாறியிருந்தது. ஆனால் ஐந்தாம் பகுதியின் கடைசிக் காட்சி ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. புகழின் உச்சியில் இருக்கும் பாடகரான நடிகர், நள்ளிரவில் தம் பங்களா மாடியில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஓர் ஆளிடம் பணக்கட்டை நீட்டி, 'இனிமேல் அவன் பேனாவைத் தொடக் கூடாது' என்கிறார். கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "பார்க்கிறவர்களுக்கு ஒரு மோட்டிவ் வேண்டும் சார். விடுதலையானதைத்தான் கடைசியில் எழுத்தில் போடுகிறோமே."

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம், இது அவர்கள் ஒருவரோடு முடிகிற பழக்கமாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலை மௌனமாக ஏற்றுக்கொள்ள முடியாததால் உங்கள் அனைவருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

வழக்கின் போக்கை நீங்கள் அறிவீர்கள் என்றாலும், எதை நீங்கள் கடைசி எழுத்துக்குத் தள்ளுகிறீர்கள் என்பது விளங்குவதற்காகச் சொல்கிறேன். சி. என். லட்சுமிகாந்தன் 1943இல் 'சினிமா தூது' என்ற இதழைத் தொடங்கி நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதினார். பாடக நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டதைத் தொடர்ந்து இதழின் உரிமம் பறிக்கப்பட்டது. அவர் ஓயவில்லை, 'இந்து நேசன்' என்ற வேறோர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த முறை சினிமாவுக்கு வெளியே இருந்த பெரிய மனிதர்களையும் சேர்த்தே எழுதினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' பிராட்வே திரையரங்கில் கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்த வேளையில், டிசம்பர் மாதம், அதன் நாயகரான பாகவதரும் உடன் நடித்த கிருஷ்ணனும் கைதானார்கள். நாயுடுவும் கைதானார். 1945 மே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி மாக்கெட் முன்னிலையில், பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது பேர் கொண்ட ஜூரி கொடுத்த முடிவின்படி நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் ஆயுள் தீவாந்திர தண்டனை, அதாவது ஆயுள் முழுதும் கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹேப்பெல், ஷஹாபுதீன் இருவரும் விசாரித்து, பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தார்கள். அதற்குள் இருவரும் சிறையில் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்கள்.

ஆக, அந்தக் கொலையைத் தூண்டியவர் இன்னார் என்று சட்டம் கடைசியாக யாரையும் கைகாட்டவில்லை. அந்த வெற்றிடம்தான் உங்களை உறுத்துகிறது என்பது எனக்குப் புரிகிறது. எட்டுப் பகுதி எடுத்துவிட்டு 'யார் என்று தெரியாது' என்று முடிப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதபோது, செத்துப்போன ஒருவர் தலையில் அந்த வெற்றிடத்தை வைத்து நிரப்பிவிடுவது எளிதாக இருக்கிறது.

இதனால் என்ன விளைகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் சில நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை, பார்த்த படங்களையும் தொடர்களையும் பற்றிப் பேசுகிறோம். கல்லூரி மாணவர்கள் வருவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அஞ்சல் துறையில் இருந்தவர்கள் வருவார்கள். பழைய சென்னைக் குற்றக் கதை எதுவானாலும் அவர்களின் கண் கூர்மையானது. கதாநாயகியின் ரவிக்கை அந்தக் காலத்துத் தையல் இல்லை என்பார் ஒருவர். 1953இல் நின்றுபோன டிராம் அதற்குப் பிந்தைய காட்சியில் எப்படி வந்தது என்பார் இன்னொருவர். பொருள்களின் உண்மையில் இவ்வளவு கறாராக இருக்கும் அதே மனிதர்கள், பாத்திரங்களின் நோக்கம் என்று வரும்போது கேள்வியே கேட்பதில்லை. 'அவர் ஏன் கொல்லச் சொன்னார்? மானத்துக்காகவா, மார்க்கெட் போய்விடுமென்ற பயத்தாலா?' என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். கொல்லச் சொன்னாரா என்ற கேள்வி அந்த விவாதத்துக்குள் நுழைவதே இல்லை. காட்சியில்தான் பார்த்துவிட்டார்களே.

லட்சுமிகாந்தன் வழக்கைப் பற்றி ஒரு மாலை நான் அங்கே பேசி, 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "விடுதலையானார் என்றால், எவ்வளவு செலவழித்திருப்பார் சார்?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். இந்த வழக்கின் சாயலில் வந்த கதைகளை அவள் பார்த்திருந்தாள். குற்றம் செய்தவராகவே அவர் அவள் மனத்தில் பதிந்திருந்ததால், விடுதலை என்பது பணம் வாங்கித் தந்த தப்பிப்பாக மட்டுமே அவளுக்குப் பொருள்பட்டது. நீங்கள் கடைசியில் போடும் அந்த எழுத்துப் பலகை என்ன வேலை செய்கிறது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். முன்னே கொலைத் திட்டத்தைக் காட்சியாகக் காட்டிவிட்டுப் பின்னே 'மேல்முறையீட்டில் விடுதலை செய்யப்பட்டார்' என்று எழுதினால், அந்த வரி பாகவதருக்குச் சாதகமாக நிற்பதில்லை. நீதிமன்றத்துக்கு எதிரான குற்றச்சாட்டாகவே நிற்கிறது.

சிறையிலிருந்து வெளியே வந்த பின்பு பாகவதர் நடித்த படங்கள் பழைய வரவேற்பைப் பெறவில்லை. 1959இல் இறந்தார். கிருஷ்ணன் திரையில் மறுபடி காலூன்றினார். 1957இல் அவரும் போய்விட்டார். தங்களுக்காகப் பேச அவர்கள் இல்லை. ஒரு தலைமுறை முழுதும் அவர்கள் பாட்டையும் நகைச்சுவையையும் மறந்துவிட்டு, 'அந்தக் கொலைக் கேஸில் மாட்டினவர்கள்' என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பதற்கு நீங்கள் புதிதாகக் காரணம் சேர்க்கிறீர்கள்.

காலப்பிழை என்பதை நீங்கள் எவ்வளவு குறுகலாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதே திரைக்கதையிலிருந்து இன்னும் சில. நீதிபதி மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். இந்திய நீதிமன்றங்களில் அந்த வழக்கமே இல்லை. இது சிறு பிழை, சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஜூரி இல்லை. ஒன்பது பேர் அமரவேண்டிய இடத்தை எடுத்துவிட்டு, ஒரே நீதிபதி தானே விசாரித்துத் தானே தண்டிப்பதாக எழுதியிருந்தார்கள். 'இன்றைக்கு ஜூரி என்றால் யாருக்குத் தெரியும்?' என்பது சொல்லப்பட்ட காரணம். ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்வதில்லை. குற்றவாளி என்றோ இல்லை என்றோ சொல்லும். எந்தச் சாட்சியை நம்பியது, எதைத் தள்ளியது என்று எழுதி வைக்காது. மேலே போகிறவருக்கு மறுத்துப் பேசக் காரணங்கள் எழுதிய தீர்ப்பு கையில் இருக்காது. போதாததற்கு, உயர் நீதிமன்றமே நேரடியாக ஜூரியைக் கொண்டு நடத்திய இத்தகைய வழக்குகளில் மேல்முறையீடு செய்யும் உரிமை 1943இல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. அந்த உரிமை புதிதாகக் கிடைத்த காலத்தில் நடந்த வழக்கு இது. இதையெல்லாம் எடுத்துவிட்டால், 1945இல் ஏன் தண்டனை, 1947இல் ஏன் விடுதலை என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகிறது. விடை இல்லாத இடத்தில் பார்க்கிறவர் லஞ்சத்தை வைத்துக்கொள்கிறார்.

அப்ரூவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் அரசுத் தரப்பு பெரிதும் அப்ரூவராக மாறியவரின் வாக்குமூலத்தை நம்பி நின்றது. தானும் குற்றத்தில் பங்கு கொண்டேன் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்றுக்கொண்டு, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஒருவரின் சொல்லை வேறு சான்றின் துணையில்லாமல் நம்பலாகாது என்பது எங்கள் தொழிலில் முதல் ஆண்டுப் பாடம். சாட்சியச் சட்டமே அந்த எச்சரிக்கையைத் தன் எடுத்துக்காட்டுகளில் வைத்திருக்கிறது. நீங்களோ அப்ரூவர் கூண்டில் ஏறிப் பேசத் தொடங்கியதும், அவர் சொல்வதைக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளாகத் திரையில் ஓட்டுகிறீர்கள். ஒருவர் சொன்னார் என்பது நடந்தது என்று ஆகிவிடுகிறது. திரையில் பார்த்ததைக் குறுக்கு விசாரணை செய்ய யாராலும் முடியாது.

அந்தமானுக்குக் கப்பல் ஏறும் காட்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். தீவாந்திர தண்டனை என்று தீர்ப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, விலங்கிட்ட பாகவதர் சென்னைத் துறைமுகத்தில் பாடிக்கொண்டே கப்பலில் ஏறுவதாக எழுதியிருக்கிறார்கள். 1942 மார்ச்சிலிருந்து 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியர் கையில் இருந்தது. தீர்ப்பு வந்த மே மாதத்தில் எந்தக் கப்பல் எந்தக் கைதியை அங்கே கொண்டுபோயிருக்கும்? தீவாந்திரம் என்ற பெயரில் விதித்த தண்டனையை அவர்கள் இங்கேயிருந்த சிறைகளில்தான் கழித்தார்கள். கண்ணீர் வரவழைக்கும் காட்சி என்பதற்காக ஒரு உலகப்போரையே அழித்துவிட்டோம் என்று எழுதியவர் உணரவில்லை. உணர்த்தியும் அதை எடுக்கவில்லை. பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம்.

சட்டப்படி எங்களுக்கு உரிமை உண்டு என்பீர்கள். உண்டு. நீங்கள் வழக்கமாக மேற்கோள் காட்டும் தீர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ஒரு தமிழ் வார இதழ் வெளியிட முயன்றபோது எழுந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்றது. அதே தீர்ப்பு, ஆவணத்தைத் தாண்டி ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் அதன் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுவது வழக்கறிஞர்களுக்குப் பழக்கம், உங்களுக்கு வேண்டாம். அந்தப் பங்களா மாடியும் பணக்கட்டும் எந்தப் பொது ஆவணத்தில் இருக்கின்றன? விடுதலைத் தீர்ப்பு மட்டும் பொது ஆவணம் இல்லையா?

பெயரை மாற்றிவிட்டோம் என்பது இன்னொரு சமாதானம். மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் தோள்வரை புரளும் தலைமுடியும், விரலில் வைரமும், ஜவ்வாதுப் பொட்டும், தீபாவளிக்கு வந்து ஆண்டுக்கணக்கில் ஓடிய பக்திப் படமும் வைத்த பிறகு பெயரில் என்ன இருக்கிறது? தொடரின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்று போட்டு ஆளை உள்ளே அழைக்கிறீர்கள். அதற்கடுத்த பலகையில் 'பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே' என்று போட்டுப் பொறுப்பைக் கழற்றிவிடுகிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவரைக் கூண்டில் வைத்துக் கேட்க எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

லட்சுமிகாந்தனுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை. அவர் மிரட்டிப் பணம் பறித்தார் என்று குற்றஞ்சாட்டியவர்கள் இருந்தார்கள். அவர் எழுதியதை ஆவலோடு வாங்கிப் படித்தவர்கள் அதைவிட அதிகம். குடியிலும் காமத்திலும் மூழ்கிய ஒரு கோமாளியாக அவரை வரைந்து, இளமையில் ஒரு நடிகை அவமானப்படுத்தியதால்தான் சினிமா உலகையே வெறுத்தார் என்று ஒரு கதையையும் சேர்த்திருக்கிறீர்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். 'பாத்திரத்துக்கு ஒரு பின்கதை வேண்டுமே' என்றார்கள். சான்றில்லாமல் அடுத்தவருக்கு நோக்கம் கற்பித்து அச்சிட்டு விற்றதாகத்தானே அவர் மீது உங்கள் தொடர் குற்றஞ்சாட்டுகிறது? அவரது இதழ் செய்ததையே இன்னும் நல்ல ஒளியமைப்போடு நீங்கள் செய்கிறீர்கள். அவரும் கொலையுண்ட ஒரு மனிதர். அவரைக் கொல்லத் தூண்டியவர் யாரென்று இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை என்பது அவருக்கும் இழைக்கப்பட்ட அநீதி.

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோக்கத்தைப் பற்றிய விவாதம் வழக்கின் உயிராகவே இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1952இல் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரைவரை போனதும், தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்ததும் எல்லாரும் சொல்லும் பகுதி. அதைவிட முக்கியம், நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் முன்னிலையில் நடந்த விசாரணையில் ஏன் கொன்றார்கள் என்பதே அலசப்பட்டது என்பது. குற்றஞ்சாட்டப்பட்ட தம்பதியின் குற்றம் கொலையிலும் குறைந்த குற்றமாகக் கொள்ளப்பட்டது. கணவருக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் சிறை விதிக்கப்பட்டன. அங்கே உங்கள் பாத்திரம் என்ன நினைத்தது என்று எழுதுங்கள், பார்வையாளர்கள் அதை விவாதிக்கட்டும். விவாதத்துக்கு அடியில் ஒரு நிலம் இருக்கிறது. விடுதலையான ஒருவருக்குக் கொலை நோக்கம் எழுதும்போது அந்த நிலம் இல்லை.

லட்சுமிகாந்தன் வழக்கிலும் கதைக்குப் பஞ்சமில்லை. குண்டு விழுமோ என்று பயந்து கிடந்த போர்க்காலச் சென்னை, தேர்ந்தெடுத்த அமைச்சரவை இல்லாமல் ஆளுநர் ஆண்ட மாகாணம், உரிமம் இழந்தும் அடங்காத ஒரு பத்திரிகையாளர், குத்துப்பட்டுச் சாகும் முன் காவல் துறைக்குத் தகவல் சொன்ன மனிதர், மக்கள் கடவுளாகக் கொண்டாடிய பாடகர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் காட்சி, கணவரை மீட்க அலைந்த கிருஷ்ணனின் மனைவி டி. ஏ. மதுரம், நாட்டின் சுதந்திரத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது வந்த விடுதலை. இத்தனையும் ஆவணத்தில் இருக்க, ஆவணத்தில் இல்லாத ஒரு காட்சியை நம்பி ஏன் தொடரைக் கட்டுகிறீர்கள்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. நீதிமன்றம் இறுதியாக விடுதலை செய்த எவரையும், பெயர் மாற்றியோ மாற்றாமலோ, குற்றம் செய்வதாகவோ செய்யத் தூண்டுவதாகவோ நடந்த நிகழ்ச்சி போலக் காட்டாதீர்கள். அப்படி ஒரு குற்றச்சாட்டைக் காட்டியே தீரவேண்டுமானால், இன்ன சாட்சி சொன்னது என்று காட்சிக்குள்ளேயே தெரியும்படி காட்டி, அந்தச் சாட்சியை மறுத்துக் கேட்ட கேள்விகளையும் அதே நீளத்துக்குக் காட்டுங்கள். விடுதலைத் தீர்ப்பைப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது போடாமல், காட்சியாக எடுத்து, தண்டனைக் காட்சிக்குக் கொடுத்த அளவு நேரத்தை அதற்கும் கொடுங்கள். 'உண்மைச் சம்பவம்' என்று விளம்பரம் செய்யும் தொடருக்கு, எந்தக் காட்சிகள் ஆவணத்திலிருந்து வந்தவை, எவை உங்கள் கற்பனை என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் ஓடிடி தளத்திலேயே தமிழில் வெளியிடுங்கள். உடைக்கும் வண்டிக்கும் ஆலோசகர் வைப்பது போல நீதிமன்ற நடைமுறைக்கும் ஒருவரை வைத்து, அவருடைய மறுப்பை ஏற்காதபோது அதற்கான காரணத்தை எழுத்தில் அவருக்குத் தாருங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்குக் காரணமான நிறுவனத்தாருக்கு மட்டும்: படப்பிடிப்பு இன்னும் முடியவில்லை என்று அறிகிறேன். ஐந்தாம் பகுதியின் அந்த மாடிக் காட்சியை நீக்குங்கள். நீக்க மனமில்லையென்றால், ஆலோசகர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞன்